தலைக்கு மேல் வண்ணம்

எங்கள் குடும்பத்தில் ஆரஞ்சுத் தலையோடு முதன்முதலில் நடமாடியவர் பெரியப்பா. தாலுகா ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மருதாணியை டிகாக்ஷனில் குழைத்துத் தலையில் அப்பிக்கொண்டு, திண்ணையில் பேப்பர் படிப்பார். எதற்கு என்று கேட்டால் "உடம்புச் சூடு" என்பார். சூடு தணிந்ததோ என்னவோ, திங்கட்கிழமை காலையில் அவருடைய நெற்றியோரம் நல்ல கேசரி நிறத்துக்கு வந்திருக்கும். அந்தத் தலையோடுதான் ஊரில் பஞ்சாயத்துப் பேசினார். அந்தத் தலையோடுதான் பத்துக் கல்யாணங்களில் தாலி எடுத்துக் கொடுத்தார். அதே பெரியப்பாதான், அண்ணன் மகள் பச்சை முடியோடு சென்னையிலிருந்து மதுரைக்கு வந்து இறங்கிய அன்று, "நம்ம பரம்பரையிலயே இப்படி ஒரு கலரு கெடையாது" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். சொன்னது வாஸ்தவம். பரம்பரையில் இருந்தது ஆரஞ்சு மட்டும்தான்.

கலர் முடியைக் கொண்டுவந்தது இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்று ஒரு பேச்சு இருக்கிறது. பெரியப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்தவன் என்ற முறையில் அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மருதாணியில் இருக்கும் லாசோன் என்ற சாயம் முடியின் கெரட்டினைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஏற்கெனவே இருக்கும் கறுப்பை வெளுக்க அதற்குத் தெம்பு கிடையாது. கருமுடியில் பூசினால் வெயிலில் நிற்கும்போது லேசாகச் செம்மை தட்டும், அவ்வளவுதான். முழு ஆரஞ்சு வேண்டுமென்றால் முதலில் நரைத்திருக்க வேண்டும். ஆகவே அது வயசாளிகளுக்கு மட்டும் ஒதுக்கப்பட்ட ஃபேஷன். இளசுகளுக்கு உள்ளே இடமே இல்லை. மண்ணடியிலும் திருவல்லிக்கேணியிலும் மருதாணியிட்ட தாடியோடு தொழுகைக்குப் போகும் பெரியவர்களைப் பாருங்கள். தாடி சிவக்கச் சிவக்க மரியாதை கூடுமே தவிரக் குறைந்து நான் பார்த்ததில்லை.

நீலத்தின் கதையும் இதேதான். இங்கிலாந்தில் போன நூற்றாண்டின் நடுவில், கண்ணியமான வீட்டுப் பாட்டிமார்கள் பலர் தலையை நீலத்தில் அலசிக்கொண்டிருந்தார்கள். நரைத்த முடி நாளாக ஆகப் பழுப்பு மஞ்சளாகும். அந்த மஞ்சளை அடக்குவதற்கு நீலம். வெள்ளை வேட்டிக்குச் சலவை நீலம் போடுகிற அதே கணக்கு. ஒரு சொட்டு கூடிப்போனால் வேட்டி என்ன ஆகுமோ அதுதான் பாட்டிக்கும் ஆனது. அந்தத் தலையோடு சர்ச்சுக்குப் போனார்கள், சீட்டாடினார்கள், பேரப்பிள்ளைகளின் நடத்தையைக் கண்டித்தார்கள். அப்புறம்தான் லண்டன் தெருக்களில் பங்க் பையன்கள் வந்தார்கள். டிஷ், ஸ்னூக்கி பெல்லோமோ என்ற அக்கா தங்கை இருவர் நியூயார்க்கின் செயின்ட் மார்க்ஸ் பிளேஸில் தலைச்சாயம் விற்ற 'மேனிக் பேனிக்' கடையைத் திறந்தது 1977-இல். பேரப்பிள்ளைகள் காசு கொடுத்து நீலம் வாங்கக் கிளம்பியபோது, பாட்டிமார்கள் நீலத் தலையோடு பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

அதே 1977-இல் நாம் எங்கே இருந்தோம்? '16 வயதினிலே' பார்த்துக்கொண்டிருந்தோம். அதில் ரஜினிகாந்துக்குப் பெயரே பரட்டை. ஊர்ப் போக்கிரி என்று காட்டுவதற்குக் கத்தி, துப்பாக்கி எதுவும் தேவைப்படவில்லை. தலைக்கு எண்ணெய் வைக்காத பெயர் போதுமானதாக இருந்தது. முடி கொஞ்சம் செம்பட்டையாகத் தெரிந்தாலே ஒரு கரண்டி நல்லெண்ணெயை உச்சந்தலையில் ஊற்றிவிடுகிற தாய்மார்கள் வாழ்ந்த நாடு இது.

ஆனால் அந்த நாட்டிலும் அப்பாக்கள் டை அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். கறுப்பும் கலர்தான் என்பதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இதற்கெல்லாம் மூலகாரணம் லண்டனில் ஒரு பதினெட்டு வயசுப் பையன். 1856-இல் வில்லியம் பெர்கின், மலேரியாவுக்கான குவினைனைச் செயற்கையாகச் செய்யப் போய், தவறுதலாக ஒரு ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தான். நிலக்கரித் தாரிலிருந்து சாயம் எடுக்கும் தொழில் அதிலிருந்து பிடித்துக்கொண்டது. அந்த வம்சத்தில் வந்த ரசாயனங்களை வைத்து 1907 வாக்கில் பாரிஸில் யூஜின் ஷூலர் தலைச்சாயம் செய்து சலூன்களுக்கு விற்றார். லோரியல் கம்பெனி அவர் போட்ட விதை. விளைவை எந்தக் கல்யாண மண்டபத்திலும் பார்க்கலாம். மாப்பிள்ளையின் தலையைவிட மாப்பிள்ளையின் அப்பா தலை கறுப்பாக இருக்கும்.

நானும் இந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். சலூன்காரர் மற்ற எல்லாவற்றையும் சத்தமாகக் கேட்பார், அரசியல் உட்பட. "சார், டை?" என்பதை மட்டும் காதருகே குனிந்து கேட்பார். பக்கத்து நாற்காலிக்காரரும் தலையில் கறுப்புக் குழம்போடுதான் உட்கார்ந்திருப்பார். இரண்டு பேரும் கண்ணாடியில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள மாட்டோம்.

இந்த ரகசியத்துக்குள் கலர் நுழைந்தது அக்கா, அத்தை வழியாக என்பது என் கணிப்பு. கறுப்புக்குப் பதிலாக ஒருநாள் பர்கண்டி பாக்கெட் வீட்டுக்கு வந்தது. "வெயில்ல நின்னாத்தான் தெரியும்" என்றார்கள். அடுத்த முறை டியூப்லைட்டிலும் தெரிந்தது. அதற்கடுத்த முறை இருட்டிலேயே தெரிந்தது. அதற்குள் எல்லோருக்கும் கண் பழகிவிட்டது. இப்படிப் படிப்படியாக வந்தால் நம் சமூகம் எதையும் ஏற்றுக்கொள்ளும். மொத்தமாக வந்தால்தான் துண்டை உதறும்.

2011-இல் 'மங்காத்தா'வில் அஜித் நரைத்த முடியோடு வந்து நின்றார். தியேட்டர் விசிலடித்தது, எங்கள் வயசுக்காரர்களுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் அதன் பலனை அனுபவித்தது நாங்கள் அல்ல. இருபது வயசுப் பையன்கள் 'ஆஷ் கிரே' என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் கொடுத்து நரையை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். என் தலையில் அது இலவசமாக முளைக்கிறது. அதை மறைக்க நான் காசு கொடுக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். பழனியிலும் திருமலையிலும் நாம் காணிக்கையாகக் கொடுக்கிற முடி ஏலத்தில் போகிறது. அதில் நீளமானதெல்லாம் கப்பலேறி, கறுப்பு நீக்கப்பட்டு, பொன்னிறமும் செந்நிறமுமாகச் சாயமேறி வெள்ளைக்காரிகளின் தலையில் சவுரியாகிறது. நாம் இங்கே தயங்கிக்கொண்டிருந்தபோது நம் முடி நமக்கு முன்னாலேயே போய்க் கலர் அடித்துக்கொண்டுவிட்டது.

அண்ணன் மகள் விஷயத்துக்கு வருகிறேன். அவள் கேட்டது பச்சை இல்லை. அறைச் சுவரில் ஒட்டியிருக்கும், பிடிஎஸ் என்ற கொரியப் பாட்டுக் குழுவின் பையன் ஒருவனுடைய நீலம். நம்முடைய கருமுடியில் நீலம் ஏற வேண்டுமானால் முதலில் பிளீச் செய்து மெலனினை விரட்ட வேண்டும். முப்பது வால்யூம், அதாவது ஒன்பது சதவீத ஹைட்ரஜன் பெராக்ஸைடு. கறுப்பு சும்மா போகாது. சிவப்பாகி, ஆரஞ்சாகி, மஞ்சளாகி, ஒவ்வொரு படியிலும் நின்று சண்டை போட்டுவிட்டுத்தான் போகும். பார்லரில் மஞ்சளோடு நிறுத்திவிட்டார்கள். மஞ்சள்மேல் நீலம் போட்டால் என்ன வரும் என்பது ஒன்றாம் வகுப்பு டிராயிங் பாடம். வந்தது. அதற்கு வாயில் நுழையாத ஒரு இங்கிலீஷ் பெயரைச் சொல்லி, முழுக் காசையும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் ஆபீஸில் என்ன ஆயிற்று என்று ஆவலாகக் கேட்டேன். ஒன்றும் ஆகவில்லையாம். அவளுடைய டீமில் ஏற்கெனவே ஒரு பிங்க், ஒரு ஊதா. மேனேஜர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. புது வாடகை வீடு பார்க்கப் போனபோது வீட்டுக்கார அம்மாள் தலையை நன்றாகப் பார்த்துவிட்டுக் கேட்ட ஒரே கேள்வி, "நான்-வெஜ் சமைப்பியாம்மா?" என்பது. பிள்ளைக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அத்தனை மணி நேரம் எரிச்சலைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தவளை யாராவது ஒருவராவது திட்டியிருக்கலாம்.

அந்தக் குறையைப் பெரியப்பா தீர்த்துவைத்தார். என் அம்மா மட்டும் அவளை இழுத்து உட்காரவைத்து, தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "அழகர் பச்சைப் பட்டு உடுத்தி ஆத்துல எறங்குனா நாடு செழிக்கும்பாக. இருந்துட்டுப் போகட்டும்டி."

"நான் கேட்டது நீலம் அப்பத்தா. இந்தா, பாட்டில்கூட மிச்சம் இருக்கு. உனக்குன்னா பிளீச்சே வேணாம். வெள்ள முடி. பூசுனா அப்படியே ஏறிக்கும்."

அம்மா பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மூடியைத் திறந்து மோந்தார். பெரியப்பா போன திசையை ஒரு தடவை எட்டிப் பார்த்தார்.

"தலைக்குக் குளிச்சாப் போயிருமா?"

"பத்துத் தடவை குளிச்சா வெளுத்துரும்."

"அப்ப வர்ற வெள்ளிக்கெழம ஒரு வளைகாப்பு இருக்கு, அது முடிஞ்சிரட்டும்" என்று சொல்லிவிட்டு, பாட்டிலை அலமாரியில் நல்லெண்ணெய்க்குப் பின்னால் வைத்தார்.