பின்னட்டைப் பெரியப்பா

புத்தகக் கடையில் முன்னட்டையைப் பார்ப்பவர்கள் உண்டு, விலையைப் பார்ப்பவர்கள் உண்டு. எங்கள் பெரியப்பா எடுத்த எடுப்பில் புத்தகத்தைக் குப்புறப் போடுவார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பின்னட்டையைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி வரி விடாமல் படிப்பார். 'கீழே வைக்கவே முடியாது', 'இன்றிரவு உங்களுக்குத் தூக்கம் கிடையாது', 'கடைசித் திருப்பத்தைக் கனவிலும் ஊகிக்க முடியாது'. மூன்றும் இருந்தால் பர்ஸ் தானாகத் திறந்துவிடும்.

ஆள் ஏமாளி இல்லை. முப்பது வருஷம் தணிக்கைப் பிரிவில் இருந்தவர். மளிகைச் சீட்டில் பெருங்காயத்துக்கு இரண்டு ரூபாய் கூடப் போட்டிருந்தால், வெயிலில் திரும்பப் போய்க் கேட்டுவிட்டு வருவார். க்ரைம் நாவல் அட்டை என்றால் மட்டும் கைக்குழந்தை.

சென்ற மாதம் அவரோடு கடைக்குப் போனேன். ஒரு நாவலின் மூலையில் சிவப்பு வட்டம், உள்ளே 'அடுத்த கான் கேர்ள்'. கில்லியன் ஃப்ளினின் 'கான் கேர்ள்' வந்தது 2012-இல். 2015-இல் இன்னொரு நாவலின் தலைப்பில், ரயிலில் ஒரு பெண் வந்தாள். அதற்கப்புறம் தலைப்பில் 'கேர்ள்' இல்லாத த்ரில்லரைத் தேட வேண்டியதாயிற்று. பெரியப்பா அலமாரியில் மட்டும் ஏழு பேர் இருக்கிறார்கள். வட்டத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். வரவில்லை. ஸ்டிக்கர் மாதிரியே அச்சடித்திருந்தார்கள்.

"பாத்தியாடா, ஸ்டிக்கரே டூப்ளிகேட்டு" என்றார். பில் போட்டார்.

இந்த 'அடுத்த'வர்கள்மேல் அவருக்குத் தீராத வழக்கு ஒன்று உண்டு. நார்வேக்காரர் ஜோ நெஸ்போவின் ஆங்கிலப் பதிப்புகளில் 'அடுத்த ஸ்டீக் லார்சன்' என்று ஒட்டி விற்றார்கள். நெஸ்போவின் முதல் ஹாரி ஹோலே நாவல் 1997-இல் வந்தது. லார்சனின் முதல் நாவல் 2005-இல். "எட்டு வருஷம் முன்னாடியே சர்வீஸ்ல சேர்ந்தவன் எப்படிடா அடுத்தவன்? சீனியாரிட்டி லிஸ்டே தப்பு!"

வாங்கி வந்த அன்றைக்கு வீட்டில் சிவராத்திரி ஏற்பாடு நடக்கும். ஃபிளாஸ்கில் காபி, தலைமாட்டில் விளக்கு, பென்சில். அட்டையில்தான் தூக்கம் வராது என்று போட்டிருக்கிறதே! ஒன்பதே முக்காலுக்குப் புத்தகம் மார்பின்மேல் கவிழ்ந்திருக்கும், கண்ணாடி காதில் தொங்கும். காலையில் அந்த ஃபிளாஸ்க் காபியைப் பெரியம்மாதான் சுடவைத்துக் குடிப்பாள். "டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரைக்குக்கூட இவருக்கு இப்படித் தூக்கம் வந்ததில்லை" என்பாள்.

பென்சில் எதற்கு என்று கேட்பீர்கள். திருப்பம் இருக்கிறது என்று அட்டையிலேயே சொல்லிவிட்டால், தணிக்கைப் புத்தி முதல் பக்கத்திலிருந்தே அதைத் தேடத்தானே செய்யும்? தேவையில்லாமல் கேக் எடுத்துக்கொண்டு வருகிற பக்கத்து வீட்டு டாக்டர் யாராவது தென்பட்டால் முடிந்தது கதை. பின்னட்டையின் உட்புறத்தில் குறித்துவிடுவார்: 'பக்கம் 62. டாக்டர்.' பக்கம் 380-இல் நாவலாசிரியரும் அதே டாக்டருக்கு வந்து சேருவார். பாவம், அந்த எழுத்தாளர் ஒழுங்காகத்தான் ஒளித்து வைத்திருப்பார். விளம்பரம் எழுதியவர்தான் தண்டோரா போட்டுக் காட்டிக்கொடுத்தது.

இந்தப் பின்னட்டைப் புகழுக்கு ஆங்கிலத்தில் 'ப்ளர்ப்' என்று பெயர். 1907-இல் கெலட் பர்ஜெஸ் என்ற அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் தன் புத்தக உறையில் பெலிண்டா ப்ளர்ப் என்றொரு கற்பனைப் பெண்ணின் படத்தைப் போட்டு, அவள் வாய்க்குக் கைவைத்துக் கூவி விற்பதாகக் கேலி செய்தார். கேலி மறந்துபோய்விட்டது. பெலிண்டா இன்னும் கூவிக்கொண்டிருக்கிறாள்.

பெரியப்பாவுக்கு அட்டையை நம்பும் பழக்கத்தை ஊட்டியது நம்மூர் மாத நாவல்கள்தான். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா என்று பேருந்து நிலையக் கடைகளில் கிளிப் போட்டுத் தொங்கிய காலம். அட்டையில் துப்பாக்கி, ஒரு பெண் முகம், தலைப்புக்குப் பின்னால் மூன்று புள்ளி, ஓர் ஆச்சரியக்குறி. துப்பாக்கிக்கும் கதைக்கும் சம்பந்தம் இல்லாவிட்டாலும் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. சில ரூபாய் விஷயம். ஊர் வருவதற்குள் படித்து முடித்து, பக்கத்து சீட்டுக்காரரிடம் கொடுத்துவிடலாம். இன்றைக்கு அதே ஏமாற்றத்துக்கு 499 ரூபாய்.

பணத்தைத் திருப்பித் தரத் துணிந்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் ஹார்ப்பர் பதிப்பகம் 1929 முதல் சில துப்பறியும் நாவல்களின் கடைசிப் பகுதியைத் தாள் சுற்றி முத்திரையிட்டு விற்றது. முத்திரையைக் கிழிக்காமல் கொண்டுவந்தால் பணம் வாபஸ். இதை நான் சொன்னபோது பெரியப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தத் திட்டம் இங்க இருந்திருந்தா மாடியில இன்னொரு ரூம் எடுத்திருப்பேன்" என்றார்.

அவரை நிஜமாகவே தூங்கவிடாத நாவல் எது என்று ஒருநாள் கேட்டேன். யோசிக்கவே இல்லை. அகதா கிறிஸ்டியின் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்', 1926-இல் வந்தது. மூர் மார்க்கெட் 1985-இல் எரிவதற்கு முன்னால் அங்கே பழைய புத்தகக் கடையில் வாங்கினாராம். கொலைகாரர் யார் என்று தெரிந்ததும் எழுந்து உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தாராம்.

"பின்னட்டையில என்ன போட்டிருந்தது பெரியப்பா?"

"அட்டை ஏதுடா அதுக்கு? ரெண்டு பக்கமும் கிழிஞ்சு போயிருந்தது."

சொல்லிவிட்டு, அன்றைக்கு வாங்கிய சிவப்பு வட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு படுக்கப் போனார். அந்தப் புத்தகம் இப்போது என்னிடம் இருக்கிறது. வேண்டுபவர்கள் இரவல் வாங்கிப்போகலாம். பின்னட்டையின் உட்புறத்தை மட்டும் பார்த்துவிடாதீர்கள்.