சித்தர் இன்னைக்கு லீவு

ஏ அப்பு, பச்சை வேட்டி! உன்னையத்தான். சித்த நில்லு. இப்படித் திண்ணையில உக்காந்து காலை நீட்டு. மோர் குடிக்கிறியா? குடி, காசெல்லாம் வேணாம். ஆனா நான் பேசுறதைக் கேக்கணும். இந்த நத்தம் ரோட்டுல என் மோருக்கு அதுதான் விலை.

முதல்ல அந்தப் போனை மடியில வை. வந்ததுலருந்து பாக்குறேன், கால் கொப்புளத்துக்கு மருந்து போடுறதுக்கு முன்னாடி அதை நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் படம் புடிக்கிற. பாத்தவன் எவனாச்சும் வந்து எண்ணெய் தடவி விட்டானா? இந்தா, தேங்காயெண்ணெய். நீயே தடவிக்க. ஊசியை வச்சுக் குத்திப்புடாத, சலம் வச்சுரும். அப்புறம் ஒத்தைக் கால்ல நொண்டிக்கிட்டுத்தான் மலை ஏறணும்.

காரைக்குடிப் பக்கமா? அதானே, நடையைப் பாத்தாலே தெரியுது. குன்றக்குடி, சிங்கம்புணரி, சமுத்திராப்பட்டி எல்லாம் தாண்டிட்ட. இனிமே கோபால்பட்டி, சாணார்பட்டி, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம். எல்லாம் சேத்தா 150 கிலோமீட்டருக்கு மேல வரும். இம்புட்டையும் நடந்து போயிப் பழனி அடிவாரத்துல என்ன செய்வன்னு நான் சொல்லட்டா? ரோப்காருக்கு வரிசையில நிப்ப. மேல ஏறுறதுக்கு இருக்கிறது ஏறக்குறைய 700 படி. 1966ல விஞ்சு விட்டாக, 2004ல ரோப்கார் விட்டாக. எல்லாம் மூட்டு தேஞ்ச கிழடுகட்டைகளுக்குன்னு விட்டது. அதுல போயி, ஊருலருந்து நடந்தே வந்த வயசுப்பய நின்னுக்கிட்டு, "கால் வலிக்குது தாத்தா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க"ங்கிறான். முருகன் மேலருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு. அவரு சிரிக்கிறதை நம்மதான் அருள் பாலிக்கிறாருன்னு எடுத்துக்கிறோம்.

இன்னொரு சேதி, மேல போனைக் கொண்டு போக முடியாது. 2023 அக்டோபர்லருந்து தடை. கீழேயே குடுத்துட்டுத்தான் போகணும். அந்தத் தடை வந்த புதுசுல போயிட்டு வந்த ஒருத்தர் இதே திண்ணையில உக்காந்து புலம்புனாரு. சன்னதியில கை ரெண்டும் சும்மா தொங்குச்சாம், என்ன செய்யிறதுன்னே தெரியலையாம். அப்புறந்தான் பக்கத்துல ஒரு அம்மா கும்பிடுறதைப் பாத்து, ஓகோ கைக்கு இப்படியும் ஒரு வேலை இருக்கோன்னு ஞாபகம் வந்துச்சாம்.

சரி, என்ன வேண்டுதல்? சொல்ல வேணாம். மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கு. வேலை, பொண்ணு, விசா, இந்த மூணுல ஒண்ணு. தப்பில்ல அப்பு. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். ஆனா நீங்க கேக்குற தோரணை இருக்கே, பேங்க் மேனேசர்கிட்ட லோனுக்கு நிக்கிற மாதிரியில்ல இருக்கு! லோனு கையில வர்ற வரைக்கும் இடுப்பு வளையும். வந்தப்புறம் மேனேசர் எதுக்க வந்தாலும் யாரோ எவரோ. வேண்டிக்கிறப்ப மொட்டை. காரியம் கைகூடினதும், "பூமுடி குடுத்தாப் போதாதா? ஆபீசுல சிரிப்பாக"ன்னு ஒரு சந்தேகம். வேண்டிக்கிறப்ப தங்க வேல். சம்பளம் ஏறினதும், "வெள்ளியில இருக்கா, அதுலயும் சின்னதா எதுவும் கிடைக்குமா?"ன்னு கடைக்கடையா விசாரணை.

வியாபாரம் பேசாதன்னு சொல்லுவேன்னு நெனைச்சியா? அதான் இல்ல. உங்க பக்கத்துக் காவடியே, உப்பு விக்கப் பழனிக்குப் போன ஒரு செட்டியார் தொடங்கி வச்சதுன்னுதானே சொல்றாக. நானூறு வருசம் ஆச்சும்பாக. வியாபாரிதான் ஆரம்பிச்சாரு. ஆனா அந்தக் காவடிக்காரவுகளைப் பாரு, போறப்பவும் நடை, திரும்பி ஊருக்கு வர்றப்பவும் நடை. கேக்கப் போனப்ப கால் வலிச்ச மாதிரியே, கும்பிட்டுத் திரும்புறப்பவும் வலிக்கட்டும்னு வர்றாக. வரவு எழுதின பேனாவுல செலவையும் எழுதுறவன்தான் வியாபாரி. நீயி? தரிசனம் முடிஞ்ச கையோட ஏசி பஸ்சுல சன்னலோரம் உக்காந்து தூங்கிடுவ. டிக்கெட்டு இப்பவே எடுத்துட்டதானே? எடுத்துட்ட. நீ தலையைக் குனியறதுலயே தெரியுது.

இப்ப விசயத்துக்கு வாறேன். இந்த ரோட்டுல போறவுக எல்லாருக்கும் ஒரு பழக்கம் இருக்கு. வழியில ஒருத்தன் ஒரு நல்லது பண்ணிட்டாப் போதும், "முருகனே ஆள் அனுப்பிட்டாரு"ம்பாக. ஒரு தடவை பசங்க நாலஞ்சு பேரு ஓடி வந்தாய்ங்க. "தாத்தா, ராத்திரி ரெண்டு மணிக்குக் கடையெல்லாம் அடைச்சுக் கிடந்துச்சு. ஒரு லாரிக்காரரு வண்டிய நிப்பாட்டி, பிளாஸ்கைத் தொறந்து டீ ஊத்திக் குடுத்தாரு. சாட்சாத் முருகன்தான்"னாய்ங்க. சரி ராசா, அப்படியே இருக்கட்டும். முந்தின நாள் சாயங்காலம் உங்களை மோதப் பாத்துட்டு, கெட்ட வார்த்தையில திட்டிக்கிட்டே போனானாமே ஒரு பைக்குக்காரன், அவனை யாரு அனுப்புனதுன்னு கேட்டேன். "அவன் குடிகாரப் பய தாத்தா"ங்கிறாய்ங்க. டீ குடுத்தா முருகன், திட்டுனா குடிகாரன். சாமி நல்ல டிபார்ட்மெண்ட மட்டுந்தான் பாக்குதாக்கும்! அந்தப் பைக்குக்காரன் திட்டுனதுல ஒரு சேதியும் இருந்துச்சு. இவிய்ங்க எல்லாரும் கைகோத்துக்கிட்டு ரோட்டை அடைச்சு நடந்திருக்காய்ங்க. டீயைக் குடிச்சாய்ங்க, சேதியைக் கீழ போட்டுட்டாய்ங்க. டீ குடிச்ச காகிதக் கப்பையும் கீழதான் போட்டாய்ங்க, அது வேற கதை.

என் கதையைக் கேளு, இன்னும் கூத்து. ஒரு தைப்பூச சமயம், விடியக்காலைப் பனி. சட்டை போடாம, தலையில துண்டைக் கட்டிக்கிட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிக்கிட்டு இருந்தேன். ஒருத்தன் ரோட்டுக்கு இடது பக்கமா, பின்னால வர்ற வண்டியைப் பாக்காம, கண்ணை மூடிக்கிட்டு அரோகரா போட்டுக்கிட்டுப் போறான். "ஏலேய், அறிவிருக்கா? வலது பக்கம் போடா! எதுக்க வர்ற வண்டி கண்ணுல படுற மாதிரி நடடா"ன்னு ஒரு சத்தம் போட்டேன். அவ்வளவுதான். பய பொத்துன்னு கால்ல விழுந்துட்டான். கண்ணுல தண்ணி. பத்து ரூவாயைக் காலடியில வச்சுட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிட்டான்.

அடுத்த தைக்கு ஒரு வேன் நிறைய ஆளுகளைக் கூட்டிக்கிட்டு வந்து நிக்கிறான். நான் இதே திண்ணையில, சலவைச் சட்டை போட்டுக்கிட்டு வெத்தலை மென்னுக்கிட்டு உக்காந்திருக்கேன். என்கிட்டயே வந்து, "பெரியவரே, இங்க ஒரு சித்தரு உலாத்துவாரே, பாத்திருக்கீகளா? போகரே நேர்ல வந்து வழி காட்டுனாரு"ங்கிறான்! நான் என்ன சொல்ல? அவன் கூட்டியாந்த சனம் ஏமாந்து போகக் கூடாதில்ல. "அவருக்கு மூட்டுவலி தம்பி, இன்னைக்கு லீவு. வலது பக்கமா நடக்கச் சொல்லி எல்லாருக்கும் சொல்லிட்டுத்தான் போனாரு"ன்னேன். வேன்ல வந்த அம்புட்டுப் பேரும் பயபக்தியோட வலது பக்கம் போனாக. சட்டை போட்ட கிழவன் சொல்லியிருந்தா ஒருத்தன் கேட்டிருப்பானா?

சிரிக்காத. கொஞ்சம் யோசி. நம்ம கதையில எல்லாம் சாமி என்னைக்காச்சும் சாமி வேசத்துல வந்திருக்கா? இடும்பனை எடுத்துக்க. ரெண்டு மலையைத் தோள்ல தூக்கியாந்த ஆளு. இளைப்பாற இறக்கி வச்சுட்டுத் திரும்பத் தூக்குனா அசையலை. பாத்தா மேல கோவணம் கட்டின ஒரு சின்னப் பய நிக்கிறான். யாருன்னு கேட்டுப் பதமாப் பேசியிருக்கலாம்ல? சண்டைக்குப் போயி உசுரை விட்டான். அப்புறம் அந்தப் பையனே எழுப்பி விட்டு, வாசல்லயே இடமும் குடுத்தான். நீயும் மலை ஏறுறப்ப முதல்ல இடும்பனைத்தான் கும்பிடணும். ஔவையாரைப் பாரு. ஊருக்கே புத்தி சொன்ன கிழவி. நாவல் மரத்துல உக்காந்திருந்த மாட்டுக்காரப் பையன்கிட்டப் பழம் கேட்டு அசடு வழிஞ்சா. சுந்தரரு கல்யாணப் பந்தல்ல, ஓலையைத் தூக்கிக்கிட்டு ஒரு கிழவன் வழக்குக்கு வந்து நின்னான். மாப்பிள்ளை அவரைப் பைத்தியக்காரன்னு ஏசுனாரு. மதுரையில வைகை உடைச்சுக்கிட்டப்ப, உதிர்ந்த புட்டைக் கூலியா வாங்கித் தின்னுட்டு வேலை செய்யாமத் தூங்குன கூலிக்காரனைப் பாண்டிய ராசா பெரம்பால அடிச்சான். அந்த அடி ஊரு முதுகு அம்புட்டுலயும் விழுந்துச்சு.

நம்ம சாமி கதை மட்டுமில்ல, ஆவணியில வேளாங்கண்ணிக்குக் காவித் துணி கட்டி நடக்கிறாகளே, அவுக சொல்ற கதையும் அதேதான். ஆலமரத்தடியில மோர் வித்துக்கிட்டு இருந்த கால் ஊனமான பையன்கிட்ட, கைப்பிள்ளையோட ஒரு அம்மா வந்து பிள்ளைக்கு மோர் கேட்டாக. அவன் குடுத்தான். "நீங்க யாரு, எந்த ஊரு, சாமியா ஆசாமியா?"ன்னு கேக்கலை. தாகம்னு வந்தவுகளுக்குக் குடுத்தான். அப்புறந்தான் அவனுக்குக் கால் வந்துச்சு.

பாரு, இடும்பனுக்குத் தெரியலை, ஔவைக்குத் தெரியலை, நாயனாருக்குத் தெரியலை, ராசாவுக்குத் தெரியலை. பெரிய பெரிய ஆளுகளே கோட்டை விட்ட பரிச்சையில, போனைப் பாத்துக்கிட்டு நடக்கிற நீ பாஸாகப் போறியாக்கும்! அதனால வழியில வர்றவன் சாமி அனுப்புனவனா இல்லையான்னு ஆராயாத. அது உன் வேலையும் இல்ல, உன்னால ஆகவும் ஆகாது. நான் கேக்குறது வேற. நீ யாருக்கு அனுப்புன ஆளு? வீட்டுலருந்து கிளம்புனதுலருந்து முருகன் எனக்கு யாரை அனுப்பப் போறாரு, எனக்கு யாரை அனுப்பப் போறாருன்னே நடந்திருக்க. அவருகிட்ட ஆள் பஞ்சம் அப்பு. இந்த ரோட்டுல ஆயிரக்கணக்குல நடக்குறீக, எல்லாரும் வாங்கிக்கிறதுக்கே கிளம்பி வந்துட்டா, குடுத்து அனுப்புறதுக்கு அவரு ஆளுக்கு எங்க போவாரு? அந்த லாரிக்காரரு முருகனும் இல்ல, ஒண்ணும் இல்ல. கண்ணு முழிச்சு வண்டி ஓட்டுற ஆளு, பிளாஸ்குல மிச்சம் டீ வச்சிருந்தாரு. அம்புட்டுத்தான். அதுவே போதுமா இருந்துச்சு பாத்தியா?

முகத்தைச் சுளிக்காத, உனக்கு ஒரு வேலை வச்சிருக்கேன். நீ வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு அம்மா இங்க மோர் குடிச்சுட்டுப் போச்சு. தலையில மஞ்சப்பை, இடது கால் செருப்போட வாரு அறுந்து ஊக்கு குத்தியிருக்கு. "யாரோட வந்தீக ஆத்தா?"ன்னு கேட்டேன். "மருமகனோடதான் வந்தேன், அவன் முன்னால போயிட்டான்"னுச்சு. மருமகன் போன வேகத்தைப் பாத்தா இந்நேரம் பழனியில மொட்டை போட்டு முடி பாதி வளர்ந்திருக்கும். அந்தம்மா பாலத்தைத் தாண்டிக்கூட இருக்காது. இன்னும் ஒரு மணி நேரத்துல இருட்டிரும். உன் பையில பளபளன்னு ரெண்டு ஸ்டிக்கர் ஒட்டியிருக்க, அந்தம்மா பையில ஒண்ணும் இல்ல. ஒண்ணை உரிச்சு அந்த மஞ்சப்பையில ஒட்டி விடு. கோபால்பட்டி வரைக்கும் அது நடைக்கு நட. வேகமா நடக்கிறது யாருக்கும் கைவரும், மெதுவா நடக்கத்தான் பக்தி வேணும்.

அதுகூடப் பேச்சு குடுத்துப் பாரு. மருமகனைப் பத்தி ரெண்டு கிலோமீட்டருக்குத் திட்டும், கேட்டுக்க. அதுக்கப்புறம் அதுவா உன்னையப் பத்திக் கேக்கும். அந்நேரம் உன் வேலை, பொண்ணு, விசா எல்லாத்தையும் சொல்லு. முருகன்கிட்டச் சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவை சத்தமாச் சொல்லிப் பாத்தா, அதுல எது நெசமாவே வேணும், எது பக்கத்து வீட்டுக்காரன் வச்சிருக்கானேன்னு கேக்குறதுன்னு உனக்கே பிரிஞ்சு போகும். பாதி வேண்டுதல் ஒட்டன்சத்திரத்துக்கு முன்னாடியே உதிர்ந்துரும். படியேறப் பாரம் குறையும், ரோப்காரு தேவைப்படாது.

எந்திரி. சொம்பைக் கழுவிக் கவுத்து வை, அடுத்து வர்றவனுக்கு ஆகணும். மோருக்குக் காசு வேணாம்னுதான் சொன்னேன், பஞ்சாமிர்தம் வேணாம்னு சொல்லலை. அடிவாரத்துல கண்ட கடையிலயும் வாங்காத, கோயில் டப்பாவா வாங்கியா. மலைவாழைப்பழமும் நெய்யும் சேந்த அந்த ருசிக்கு 2019லயே புவிசார் குறியீடு குடுத்திருக்காக, எனக்கு அதெல்லாம் தெரியும். ஏசி பஸ்சு இங்க நிக்காது. அதனால எனக்குப் பஞ்சாமிர்தம் வரணும்னா நீ நடந்துதான் திரும்பணும், பாத்துக்க.

இன்னொண்ணு. ஊருல போயி, "வழியில ஒரு பெரியவரு, பாத்தாச் சித்தரு மாதிரி, என் கண்ணைத் தொறந்தாரு"ன்னு மட்டும் கிளப்பி விட்டுறாத. அடுத்த தைக்கு ரெண்டு வேன் வந்து நிக்கும். இன்னைக்குத் தயிர் விக்கிற விலைக்கு எனக்குக் கட்டுபடியாகாது.