நேரம் தவறி வரும் நோய்

நெடுந்தீவில் நோய்க்கும் நேர அட்டவணை உண்டு. காலை லோஞ்சுக்கு முந்தி வந்தால் அது நல்ல நோய். பின்னேரம் வந்தால் பொறுப்பில்லாத நோய். குறிகாட்டுவானுக்கு ஏறக்குறைய 1 மணித்தியாலக் கடல், பிறகு பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி. சோளகம் கிளம்பிவிட்டால் காற்றுதான் வைத்திய அத்தியட்சகர். நயினாதீவு அம்மன் திருவிழாவுக்குப் படகுகள் வரிசையில் நிற்கும்; நெடுந்தீவுக் காய்ச்சலுக்கு யார் நேர்த்தி வைக்கிறார்கள்?

பிள்ளைத்தாச்சிகள் பலர் நாள் நெருங்குமுன்பே கடல்தாண்டி உறவுக்காரர் வீட்டில் போய் இருந்துவிடுவார்கள். சிலர், தாதி மிஸ்ஸி எவ்வளவு சொன்னாலும் அசையமாட்டார்கள்.

“இது மூண்டாவது மிஸ்ஸி, எனக்குத் தெரியும். நாளைக்குப் போறன்.”

“உங்களுக்குத் தெரியுமக்கா, பிள்ளைக்குத் தெரியுமோ?”

அவசரத்துக்குப் படகில் கூடப்போகும் மிஸ்ஸிக்கு ஒரு கையில் சேலைன் போத்தல், மறுகையில் படகின் விளிம்பு. இந்த நிலையில், தானும் சத்தியெடுக்காமல், நோயாளியின் நாடி பார்க்கவேண்டும். (மூன்றாவது கை எங்கே என்று கேட்காதேங்கோ.) இது எந்தத் தாதியர் கல்லூரியின் பாடத்திட்டத்திலும் இல்லை. தொழில் விருத்திக்கென்று செயலமர்வு வைப்பார்கள். யாழ்ப்பாணத்தில், காலை எட்டரைக்கு. தீவு மிஸ்ஸி முதல்நாளே லோஞ்ச் ஏறவேண்டும். தலைப்பு ‘நேர முகாமைத்துவம்’ என்றிருந்தாலும் அவர் சிரிக்கக்கூடாது, வரவுப் பதிவில் கையெழுத்து வேண்டுமே.

நெடுந்தீவில் ஒல்லாந்தர் காலப் புறாக்கூடு ஒன்று இன்னும் நிற்கிறது. சேதி அனுப்பப் புறா வளர்த்தார்களாம். சுற்றுலாக்காரர் அதன்முன் நின்று படம் எடுக்கிறார்கள். இடமாற்றத்துக்கு விண்ணப்பித்த மிஸ்ஸிமாருக்கு அதில் வேறு அக்கறை: புறாவிடம் கொடுத்திருந்தால் இதற்குள் பதிலாவது வந்திருக்கும்.