அசையாத ஃபிரிட்ஜ், ஓடுகிற வீடு

ஐஸ் வேண்டுமானால் அடுப்பைப் பற்றவை என்று நம்மூரில் ஒருவர் சொல்லியிருந்தால் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பியிருப்பார்கள். 1859-ல் பிரான்சில் ஃபெர்டினாண்ட் காரே அதையே சொன்னார், காப்புரிமை கொடுத்தார்கள். அம்மோனியா கரைந்த தண்ணீரைச் சூடாக்கினால் இன்னொரு மூலையில் ஐஸ் விளையும் என்பதுதான் அவர் சொன்னது. விளையவும் செய்தது.

அவருடைய தம்பி எட்மண்ட் இன்னும் ஒருபடி மேலே போனார். காற்றுப் பம்பை ஆட்டினால் குடுவைத் தண்ணீர் ஆவியாகும், அந்த ஆவியைப் பக்கத்தில் இருக்கும் கந்தக அமிலம் குடித்துவிடும், மிச்சத் தண்ணீர் சில்லிட்டு உறையும் என்று ஒரு கருவி செய்தார். பாரிஸ் கஃபேக்களில் அதை வைத்துத் தண்ணீர்க் குடுவைகளைக் குளிர வைத்தார்கள். ஒரு கையெட்டும் தூரத்தில் கந்தக அமிலம், இன்னொரு கையெட்டும் தூரத்தில் வாடிக்கையாளர். நாகரிகத்தின் தலைநகரம் என்று சும்மாவா சொன்னார்கள்!

அண்ணன் காரேவின் எந்திரத்துக்கு முதல் பெரிய விளம்பரம் செய்தது அமெரிக்க உள்நாட்டுப் போர். அதுவரை தெற்கு மாநிலங்கள் வடக்கே குளிர்காலத்தில் குளங்களில் அறுத்தெடுத்த ஐஸைத்தான் வாங்கிக் கொண்டிருந்தன. அதே பாஸ்டன் பக்கத்துக் குளத்து ஐஸ் கப்பலேறி மெட்ராஸுக்கும் வந்தது. அதைப் பத்திரப்படுத்த 1842-ல் கட்டிய ஐஸ் ஹவுஸ் இன்றும் மெரினாவில் விவேகானந்தர் இல்லம் என்ற பெயரில் நிற்கிறது. போர் மூண்டதும் வடக்கு மாநிலங்கள் குண்டுகளைத் தாராளமாக அனுப்பின, ஐஸை நிறுத்திவிட்டன. காய்ச்சலில் கிடக்கும் சிப்பாய்க்கு நெற்றியில் வைக்கக்கூட ஒரு துண்டு கிடையாது. கடற்படை முற்றுகையை ஏமாற்றிக் காரேவின் எந்திரங்களைக் கடத்திக் கொண்டுவந்தார்கள். துப்பாக்கியும் மருந்தும் வந்த அதே கள்ளவழியில் ஃபிரிட்ஜும் வந்து இறங்கியது.

காரேவின் எந்திரத்தில் ஒரு குறை இருந்தது: பம்பு வேண்டும். பம்பு இருந்தால் அதை ஓட்ட ஆள் வேண்டும், எண்ணெய் விட ஆள் வேண்டும், கெட்டுப்போனால் திட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும். இந்த மூவரையும் வேலையை விட்டுத் தூக்கியவர்கள் ஸ்டாக்ஹோமில் ராயல் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த இரண்டு பையன்கள். பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ். 1922-ல், மற்ற மாணவர்கள் படிப்பு முடிய ஒரு திட்ட அறிக்கையை ஒப்பேற்றிக் கொண்டிருந்தபோது, இவர்கள் அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லாத ஃபிரிட்ஜைச் செய்துவிட்டார்கள்.

அவர்கள் போட்ட சூழ்ச்சி ஒரு குடும்பக் கதை. அம்மோனியாவும் தண்ணீரும் தம்பதி. வீட்டில் சூடு ஏறியதும் அம்மோனியா கோபித்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறது. போகிற வேகத்தில் எழும் குமிழிகளே கொஞ்சம் தண்ணீரையும் மேலே தள்ளிவிடும். பம்பின் வேலை அதோடு முடிந்தது. மாடியில் காற்றாட நின்று ஆறித் திரவமாகிற அம்மோனியா அடுத்த அறைக்கு இறங்கினால் அங்கே ஹைட்ரஜன் உட்கார்ந்திருக்கிறது. அதன் பேச்சில் மயங்கி அம்மோனியா மறுபடி ஆவியாகிறது. ஆவியாகத் தேவையான சூட்டை உங்கள் பால் பாக்கெட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறது. இருவரும் சேர்ந்த கனத்தில் கீழே இறங்கினால், காத்திருக்கும் தண்ணீர் அம்மோனியாவை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். இலேசாகிவிட்ட ஹைட்ரஜன் தனியாக மேலே போய்ப் பழைய இடத்தில் உட்காரும். மறுபடி சூடு, மறுபடி சண்டை. எல்லாம் வெல்டிங் செய்து மூடிய எஃகுக் குழாய்க்குள், கார் டயரைவிடப் பத்து மடங்கு அழுத்தத்தில், ஒரு சத்தமும் இல்லாமல் நடக்கும்.

தூசு உறிஞ்சும் எந்திரத்தை வீடு வீடாக விற்றுப் பணக்காரரான ஆக்செல் வென்னர்-கிரென் 1925-ல் இந்தக் குடும்பத்தையே விலைக்கு வாங்கினார். எலக்ட்ரோலக்ஸ் அவருடைய கம்பெனி. முதல் ஃபிரிட்ஜ்களுக்குக் குளிர்விக்கக் குழாய்த் தண்ணீர் இணைப்பு தேவைப்பட்டது. காற்றிலேயே குளிரும் வகை 1931-ல்தான் வந்தது.

இடையில் ஐன்ஸ்டைனும் மூக்கை நுழைத்தார். பெர்லினில் ஃபிரிட்ஜிலிருந்து கசிந்த விஷவாயுவால் ஒரு குடும்பமே தூக்கத்தில் செத்துப்போன செய்தியைப் படித்து மனம் கலங்கி, லியோ சிலார்டுடன் சேர்ந்து கசியவே முடியாத ஃபிரிட்ஜ் ஒன்றை வடிவமைத்தார். பேர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவராச்சே, விண்ணப்பம் எழுதச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? எலக்ட்ரோலக்ஸ் அந்த வடிவமைப்பைச் சுமார் 750 டாலருக்கு வாங்கி, பத்திரமாகப் பூட்டி வைத்துவிட்டது. போட்டிக்கு யாரும் வரக்கூடாது அல்லவா! பிரபஞ்சத்தையே வளைத்தவரின் ஃபிரிட்ஜ் கடைக்கு வரவே இல்லை.

அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்து எவான்ஸ்வில் நகரில் சர்வெல் கம்பெனி பிளாட்டன்-முன்டர்ஸ் ஃபிரிட்ஜை கேஸ் சுடரில் ஓடும்படி செய்து, 'சத்தமே போடாது' என்று விளம்பரம் செய்தது. உண்மைதான். ஆனால் எதிரே நின்றது ஜெனரல் எலக்ட்ரிக். 1927-ல் தலையில் உருண்டைக் கம்ப்ரஸரைச் சுமந்த 'மானிட்டர் டாப்' ஃபிரிட்ஜை இறக்கியது. மின்சாரக் கம்பெனிகளுக்கு இரவும் பகலும் கரண்டைக் குடிக்கும் பிள்ளையைப் பிடித்துப்போயிற்று, ஜி.இ.யிடம் பணமும் இருந்தது. உங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் இன்று நடுராத்திரியில் உறுமுவது இயற்பியலின் தீர்ப்பு என்று நினைக்க வேண்டாம், பணப்பையின் தீர்ப்பு. சர்வெல் ஐம்பதுகளின் கடைசியில் ஃபிரிட்ஜ் தொழிலை வேர்ல்பூலுக்கு விற்றுவிட்டுப் படுத்தது. 1933-லிருந்து 1957 வரை செய்த அந்தப் பழைய ஃபிரிட்ஜ்கள் கேஸ் சரியாக எரியாமல் கார்பன் மோனாக்ஸைடைக் கக்குகின்றன, யாரும் ஓட்டாதீர்கள் என்று அமெரிக்க அரசு பின்னால் தண்டோரா போட வேண்டிவந்தது.

பிளாட்டனுக்கும் ஜி.இ.க்கும் ஏதோ ஜென்மப் பகை போலும். அவர் வடிவமைத்த அழுத்த எந்திரத்தில் ஸ்வீடனின் ஏ.எஸ்.இ.ஏ. கம்பெனி 1953-லேயே செயற்கை வைரம் செய்தது. செய்துவிட்டு வாயை மூடிக்கொண்டது. 1955-ல் ஜி.இ. வைரம் செய்ததாக அறிவித்துப் பேரைத் தட்டிக்கொண்டு போனது.

வீட்டில் தோற்ற ஃபிரிட்ஜுக்கு அடைக்கலம் கொடுத்த இடங்கள் மூன்று. சத்தம் ஆகாத ஹோட்டல் அறை. மண்ணெண்ணெய் விளக்கில் தடுப்பூசியைக் காப்பாற்ற வேண்டிய கரண்ட் இல்லாத ஆஸ்பத்திரி. அப்புறம் சக்கரத்தில் ஓடும் வீடு. நம்மூரில் கேரவன் என்றால் உள்ளே ஒரு நடிகர் இருப்பார். அமெரிக்காவில் ஓய்வுபெற்ற எவரும் இருப்பார். 1919-ல் ஃப்ளோரிடாவின் டாம்பாவில் 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்று சங்கம் வைத்த கூட்டத்தின் வாரிசுகள் அவர்கள். காட்டுக்குள் கரண்ட் கம்பம் கிடையாது, கேஸ் சிலிண்டர் உண்டு. அதனால் பிளாட்டனின் ஃபிரிட்ஜ் ஏறி உட்கார்ந்துகொண்டது.

இங்கேதான் வேடிக்கை. உள்ளே இருக்கும் திரவம் புவியீர்ப்பை நம்பி, சரிந்த குழாய்களில் தானாக வழிந்து திரும்ப வேண்டும். வண்டி ஓடும்போது குலுங்கிக் குலுங்கி எப்படியோ வழிந்துவிடும். மலைச்சரிவில், ஏரி தெரிகிற அழகான மேட்டில், சாய்வாக நிறுத்தினால்தான் வினை. திரவம் ஒரு மூலையில் தேங்கும். சூடேறும் இடமான கொதிகலன் வறண்டு காயும். துருப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த சோடியம் குரோமேட் கட்டிதட்டிக் குழாயை அடைக்கும். ஆக, அசையாமல் இருப்பதற்காகவே பிறந்த ஓர் எந்திரத்தை ஓடுவதற்காகவே பிறந்த வண்டியில் ஏற்றினால், கடைசியில் வண்டி நிற்கும்போதுதான் அது சாகிறது.

இதைப் பழுதுபார்ப்பதற்கென்று ஒரு சம்பிரதாயமே வளர்ந்தது. ஃபிரிட்ஜை வெளியே இழுத்துத் தலைகீழாக நிறுத்தி வைப்பார்கள். சிலர் கவிழ்த்த பின் ரப்பர் சுத்தியலால் தட்டவும் செய்வார்கள். அடைப்பு கரைந்து குழந்தை ஏப்பம் விட்டதுபோல் ஒரு களகளச் சத்தம் வந்தால் வெற்றி. பலருக்குப் பலிப்பதில்லை. பலித்தவர்கள் மட்டும்தான் அதைப் பற்றிப் பேசுவார்கள் என்பதால் இந்த வைத்தியத்துக்கு நல்ல பேர்.

நோய் எங்கே என்று கண்டுபிடிக்கக் கவிழ்க்கவே தேவையில்லை. இந்த ஃபிரிட்ஜ் கேஸிலும் ஓடும், கரண்டிலும் ஓடும். கரண்டில் குளிர்ந்து கேஸில் குளிராவிட்டால் குழாய்களின் மேல் பழி போடாதீர்கள், பர்னரைப் பாருங்கள். இரண்டிலும் குளிராவிட்டால், அதுவும் கொதிகலன் சுட்டெரித்துக்கொண்டே இருந்தால், அந்தக் குழாய்த் தொகுதி, அதாவது கூலிங் யூனிட், போயிற்று. கட்டுப்பாட்டுப் பலகையின் மேல் சந்தேகம் இருப்பவர்கள் ஹீட்டருக்கு நேரடியாக 120 வோல்ட் கொடுத்து ஓர் இரவு விட்டுப் பார்ப்பார்கள். காலையில் பீர் குளிர்ந்திருந்தால் குற்றவாளி பலகை. அவசரக்காரர்கள் மாலையில் போட்டு அரைமணிக்கு ஒருமுறை கதவைத் திறந்து பார்த்து, குளிரவில்லை என்று கம்பெனிக்குப் போன் செய்வார்கள். இது குளிரப் பாதி நாள் எடுக்கும். திறந்தால் முழு நாள்.

பர்னரில் என்ன இருக்கும்? பெரும்பாலும் துரு, புகைக்கரி, அப்புறம் சிலந்தி. கேஸில் கலக்கிற நாற்றம் பிடிக்கிறதோ, இருட்டுக் குழாய் பிடிக்கிறதோ, பர்னர் குழாயில் வலை பின்னிவிடும். சுடர் நீலமாக இரையாமல் மஞ்சளாக ஆடினால் சந்தேகமே வேண்டாம். சிலந்தியைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்: 2011-ல் மஸ்தா கம்பெனி ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்பக் கூப்பிட்டது, எரிபொருள் அமைப்பில் ஒரு மஞ்சள் சிலந்தி கூடு கட்டியதற்காக. பர்னருக்கு கேஸ் விடும் ஜெட்டில் உள்ள துளை கண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும். அடைப்பை எடுக்க அதில் குண்டூசியைவிட்ட மகானுபாவர்கள் ஏராளம். துளை பெரிதாகிவிட்டால் சுடர் பெரிதாகும், புகை பெரிதாகும், செலவு இன்னும் பெரிதாகும். ஆல்கஹாலில் ஊறப்போட்டுக் காயவைத்தால் போதும். குடிக்கிற ஆல்கஹாலை வீணாக்க வேண்டாம், மருந்துக்கடையில் கிடைப்பதே போதும்.

சுடர் அணைந்தால் முகப்பில் 'செக்' என்று விளக்கு எரியும். எதைச் செக் செய்ய வேண்டும் என்று அந்த விளக்குக்கும் தெரியாது. பின்பக்கக் கதவைத் திறந்து மோப்பம் பிடியுங்கள். அம்மோனியா நாறினாலோ, குழாய்மேல் மஞ்சள் பொடி பூத்திருந்தாலோ விசாரணை முடிந்தது. அந்த மஞ்சள் உள்ளிருந்து கசிந்த குரோமேட். கை படக்கூடாது, விஷம்.

இதில் தீயும் உண்டு. கொதிகலன் குழாயில் விரிசல் விழுந்து வாயு கசிந்து பற்றிக்கொள்ளலாம் என்று, எலக்ட்ரோலக்ஸ் வம்சத்தில் வந்த டோமெட்டிக் கம்பெனி 2006-ல் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட ஃபிரிட்ஜ்களைத் திரும்ப அழைத்தது. போட்டிக் கம்பெனி நார்கோல்டுக்கும் 2010-ல் அதே தலைவிதி. நார்கோல்டு கண்ட தீர்வு, கொதிகலன் மிஞ்சிச் சூடானால் ஃபிரிட்ஜையே அணைத்துவிடும் ஓர் உணர்கருவி. ஃபிரிட்ஜைக் காப்பாற்ற ஃபிரிட்ஜை நிறுத்துவது.

கூலிங் யூனிட் செத்தால் புதிது வாங்க வேண்டும், இல்லை புதுப்பித்தது வாங்க வேண்டும். புதுப்பித்துத் தருகிறவர்களில் பேர்பெற்றவர்கள் இண்டியானாவின் ஆமிஷ் மக்கள். மதநம்பிக்கையால் பொதுக் கரண்ட் இணைப்பு வாங்காதவர்கள், கார் ஓட்டாதவர்கள், குதிரைவண்டியில் போகிறவர்கள். கரண்ட் இல்லாததால் வீட்டில் கேஸ் ஃபிரிட்ஜ்தான். அதனால் உலகத்தில் யாரைவிடவும் அதை நன்றாக அறிந்தவர்கள். அதே மாநிலத்து எல்கார்ட் வட்டாரத்தில்தான் அமெரிக்காவின் சக்கர வீடுகளில் பெரும்பகுதி தயாராகிறது, அந்தத் தொழிற்சாலைகளிலும் ஆமிஷ் தொழிலாளிகள் நிறையப் பேர். ஓட்டாத வண்டியைச் செய்து, அதற்குள் தங்கள் வீட்டு ஃபிரிட்ஜைச் சரிசெய்து வைக்கிறார்கள். கம்பெனி ஆராய்ச்சிக் கூடங்களுக்கு இவர்களிடம் கற்க நிறைய இருக்கிறது என்பது என் கட்சி.

இப்போது லித்தியம் பேட்டரியும் கூரைச் சோலார் தகடும் மலிந்துவிட்டதால், சக்கர வீடுகளிலும் 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் வந்துவிட்டது. ஜி.இ. பாணி உறுமல் காட்டுக்குள்ளும் நுழைந்தாயிற்று. அது மேட்டிலும் பள்ளத்திலும் ஓடும், சீக்கிரம் குளிரும். பேட்டரி தீர்ந்தால் மட்டும் கையை விரித்துவிடும்.

அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போய் வண்டி வாடகைக்கு எடுப்பவர்கள் கவனிக்க: பழைய கேஸ் ஃபிரிட்ஜ் உள்ள வண்டியானால், கொத்தனார் வைத்திருப்பாரே ரசமட்டம், அதைப் பெட்டியில் எடுத்துப் போங்கள். கிளம்புவதற்கு முந்தைய நாளே ஃபிரிட்ஜைப் போட்டுவிடுங்கள். அம்மோனியா நாற்றம் வந்தால் ஃபிரிட்ஜை அணைத்து, சிலிண்டர் வால்வை மூடி, எல்லாரையும் இறக்கிவிட்டுத் தூரமாகப் போங்கள். சாமான்களை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.