காட்டுக்குள் ஒரு கிராமசபை

கே: 'மக்கள் பங்கேற்புடன் வனப் பாதுகாப்பு' என்று எங்கள் பக்கம் பலகை வைத்திருக்கிறார்கள். மக்கள் எங்கே? (சத்தியமங்கலம்)

ப: பலகைக்குப் பக்கத்தில், போட்டோவுக்கு நிற்கிறார்கள். 1990 ஜூன் 1-ல் கூட்டு வன மேலாண்மைக்கு மத்திய அரசு சுற்றறிக்கை விட்டதிலிருந்து வனக்குழுக்கள் பெருகின. தலைவர் உள்ளூர்க்காரர். ஆனால் பல மாநிலங்களில் செயலாளர் வனத்துறை ஊழியர். கூட்டம் என்றைக்கு, எதைப் பேசுவது, வங்கியிலிருந்து எவ்வளவு எடுப்பது என எதுவும் அவரைத் தாண்டி நடக்காது. மாப்பிள்ளைத் தோழனுக்கும்தான் மாலை போடுகிறார்கள்!

கே: காட்டை மக்களிடம் விட்டால் வெட்டி விற்றுவிட மாட்டார்களா? (கோவை)

ப: மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி மாவட்டத்து மெண்டா லேகாவுக்கு ஒருமுறை போய்விட்டு வந்து கேளுங்கள். கோண்டு மக்களின் சிற்றூர். வன உரிமைச் சட்டப்படி சமூக வன உரிமையை நாட்டிலேயே முதலில் பெற்ற ஊர்களில் ஒன்று. 2009-ல் ஏறக்குறைய 1,800 ஹெக்டேர் காட்டுக்கு உரிமை வந்தது. ஆனால் மூங்கில் ஊரை விட்டு நகரவில்லை. லாரியில் ஏற்ற அனுமதிச் சீட்டு வேண்டும், அதை வனத்துறை தரவில்லை. 1927-ம் ஆண்டு வனச் சட்டப்படி மூங்கில் மரம் என்பது அன்று அவர்கள் கட்சி. 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டமோ அதைச் சிறுவனப் பொருள் பட்டியலில் வைத்திருக்கிறது. இரண்டு சட்டத்துக்கும் நடுவில் மூங்கில் மாட்டிக்கொண்டது. கடைசியில் 2011 ஏப்ரலில் மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷும் மாநில முதலமைச்சர் பிருத்விராஜ் சவாணும் ஊருக்கே வந்து சீட்டுப் புத்தகத்தைக் கிராமசபையிடம் கொடுத்தார்கள். ஒரு கட்டு மூங்கில் விற்க இத்தனை பெரிய மனிதர்கள்!

வெட்டி விற்றார்களா? விற்றார்கள். தங்கள் காட்டில், தாங்களே போட்ட கணக்குப்படி. அந்த ஊர்க் கிராமசபையில் பெரும்பான்மை செல்லாது. எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு, அதுவரை பேச்சு. நம் சட்டமன்றத்தில் இந்த விதி வந்தால் ஒரு மைக்கைக்கூட வாங்க முடியாது.

கே: எங்கள் கிராமசபையில் காட்டைப் பற்றிப் பேச்செடுத்தாலே சண்டை. இதுவா மக்கள் பங்கேற்பு? (தர்மபுரி)

ப: இதுதான். சண்டையே வராத கூட்டத்தில் முடிவெடுக்க ஒன்றும் இருந்திருக்காது, டீ குடித்துவிட்டுக் கலைந்திருப்பார்கள். விறகு, மேய்ச்சல், தேன், கடுக்காய் என்று நிஜமான பண்டம் நடுவில் வந்தால் குரல் உயரத்தான் செய்யும். நான் கவலைப்படுவது வேறு ஒன்றுக்கு: சண்டை போடக்கூட அழைக்கப்படாதவர்கள். 'மூன்று வருஷம் யாரும் காட்டுக்குள் போகக்கூடாது, மரம் தழைக்கட்டும்' என்று ஆண்கள் கூடித் தீர்மானம் போடுவார்கள். மறுநாள் விறகுக்கு நாலு மைல் கூடுதலாக நடப்பது பெண்கள். அடுத்த ஊர்க் காட்டில் சுள்ளி பொறுக்கி மாட்டிக்கொண்டு வசவு வாங்குவதும் அவர்களே. பொருளாதார அறிஞர் பீனா அகர்வால் குஜராத்திலும் நேபாளத்திலும் வனக்குழுக்களை ஆராய்ந்து, நிர்வாகக் குழுவில் பெண்கள் கூடுதலாக இருந்த இடங்களில் காடும் நன்றாகத் தேறியதைக் காட்டியிருக்கிறார். 2012-ல் திருத்திய வன உரிமை விதிகளின்படி கிராமசபைக்குப் பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் சத்தம் போடுவதற்கு முன் தலையை எண்ணுங்கள்.

கே: மக்கள் 'வேண்டாம்' என்றால் அரசு கேட்குமா? (சேலம்)

ப: ஒடிசாவில் நியமகிரி மலையில் கேட்டது. கேட்க வைத்தார்கள் என்பதே சரி. அங்கே பாக்சைட் வெட்டலாமா என்பதைக் கிராமசபைகளே சொல்லட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மலையைச் சுற்றி நூற்றுக்கு மேல் ஊர்கள். மாநில அரசு அதில் 12 ஊர்களை மட்டும் தானே தேர்ந்தெடுத்தது. பன்னிரண்டும் 'மாட்டோம்' என்றன. களத்தையும் ஆட்டக்காரரையும் தானே தேர்ந்தெடுத்து 12-0 என்று தோற்பதற்குத் தனித் திறமை வேண்டும்.

கே: பர்கூர் மாட்டைக் காட்டில் மேய்க்கக் கூடாது என்கிறார்களே? (அந்தியூர்)

ப: 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலைத் தடுத்தது. பிறகு தடையைப் புலிகள் காப்பகம், தேசியப் பூங்கா, சரணாலயம் என்று சுருக்கியது. அப்பாடா என்பதற்குள் 2024-ல் உங்கள் மலையிலேயே தந்தை பெரியார் சரணாலயம் வந்துவிட்டது. எல்லைக்கோடு எங்கே என்பது செவலை மாட்டுக்குத் தெரியாது, மேய்ப்பவருக்கே தெரியுமா என்பது சந்தேகம்.

கோமாரி நோய் மாட்டிலிருந்து காட்டெருமைக்குத் தொற்றும் என்று வனத்துறை அஞ்சுவதில் பொருள் உண்டு. ஆனால் மேய்ச்சல் உரிமை 2006-ம் ஆண்டுச் சட்டத்தில் எழுதி வைத்த உரிமை. எத்தனை மாடு, எந்தப் பக்கம், எந்த மாதம், தடுப்பூசி போட்டாயிற்றா என்று பட்டிக்காரர்களை உட்கார வைத்துப் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். எடுத்த எடுப்பில் தடை போடுவது யோசிக்கச் சோம்பல்படுகிறவர்களின் வழி.

கே: எப்போது பார்த்தாலும் வனத்துறையையே குறை சொல்கிறீர்களே? (உதகை, ஓய்வுபெற்ற வனவர்)

ப: சரி, புகழ்கிறேன். 1972-ல் மேற்கு வங்கத்தின் அரபாரியில், மொட்டையாகிக் கிடந்த சால் காட்டைக் காவல் காத்தால் வருமானத்தில் கால் பங்கு உங்களுக்கு என்று ஊர்க்காரர்களிடம் பேசியவர் ஒரு வன அதிகாரிதான், ஏ.கே. பானர்ஜி. காடு தழைத்தது. 1990 சுற்றறிக்கைக்கு வழிகாட்டியது அந்தச் சோதனை.

அதற்கு 20 வருஷம் கழித்து, தர்மபுரி மாவட்டத்துப் பழங்குடி ஊரான வாச்சாத்தியில் சூறையாடலும் பாலியல் வன்கொடுமையும் நடந்தன. சந்தனக் கட்டை தேடப் போனதாகச் சொன்ன வன, காவல், வருவாய்த் துறையினர் 269 பேர் மேல் வழக்கு. உயிரோடிருந்த 215 பேரும் 2011-ல் தண்டிக்கப்பட்டார்கள். 2023-ல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இதில் நான் சேர்க்க ஒன்றுமில்லை.

கே: எங்கள் தாத்தா காலத்திலிருந்து இதே காட்டோரம்தான். பழங்குடி இல்லை என்பதால் 75 வருஷத்துக்கு ஆதாரம் கேட்கிறார்கள். காகிதத்துக்கு எங்கே போவேன்? (தாளவாடி)

ப: சுடுகாட்டுக்குப் போங்கள். கேலி இல்லை. பழைய கிணறு, இடுகாடு, கோயில் எல்லாமே ஆதாரம் என்று வன உரிமை விதியில் இருக்கிறது. ஊர்ப் பெரியவர் சொல்வதை எழுதி வாங்கினாலும் செல்லும், அவர் மனுதாரராக இருக்கக் கூடாது. பெரியவருக்கு என்ன வயசு? சீக்கிரம் போங்கள்.