வவுச்சர் தொண்டு

தேவாரம் என்ற ஊரிலிருந்து விடியுமுன் ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொண்டு ஏலத்தோட்டங்களுக்கு மலையேறிவிடும். அவர்கள் திரும்பும்வரை பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர ஒரு தொண்டு நிறுவனத்துக்கு இரண்டே தேவை: மாணவத் தொண்டர்கள், நன்கொடை. இரண்டும் வந்துவிட்டால் பாடம் சொல்ல நேரமிருக்காது.

காந்தி நூற்றாண்டான 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில், மாணவத் தொண்டர் ஒருவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் உழைக்க வேண்டும். உழைக்கிறார்கள். நாலு பேர் பெருக்க, நாற்பது பேர் அதே துடைப்பங்களை வாங்கிப் பிடித்து நிற்கிறார்கள். "சார், போட்டோவில் பேனர் விழலை. குப்பையைத் திரும்பக் கொட்டட்டுமா?" என்று கேட்கிற பொறுப்புணர்ச்சியை வேறெங்கு காண்போம்?

வெளிநாட்டு நன்கொடை என்றால் இன்னும் விசேஷம். 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, அந்தப் பணம் முதலில் புதுதில்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில்தான் இறங்க வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கணக்கெழுத ஆள் வைத்தால் அது நிர்வாகச் செலவு. வைக்காவிட்டால் கணக்கே இல்லை. ஆகவே பாடம் நடத்த வந்த கல்லூரிப் பெண் வவுச்சர் ஒட்டுகிறாள். ஜீப் வாடகைக்கு ரசீது கேட்டால் டிரைவர் சிரிக்கிறார்: "தாயி, நான் வண்டி ஓட்டவா, பில்லு எழுதவா?"

நன்கொடையாளர்களே, படிவத்தில் பத்துக் கட்டங்களைக் குறைத்து ஒன்றைச் சேருங்கள்: 'எத்தனை பிள்ளைகள் வாசிக்கக் கற்றார்கள்?' அதற்கு மட்டும் வவுச்சர் கேட்காதீர்கள். நேரில் வந்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.