மணி பிளான்ட்டும் தாத்தாவின் நாற்காலியும்: ஓர் ஒளியியல் ஆய்வு

தொல்காப்பியர் முதற்பொருள் என்று நிலத்தையும் பொழுதையும் சொல்லிவைத்தார். மணி பிளான்ட் அவர் காலத்தில் இங்கே இல்லை. இருந்திருந்தால் ஐந்திணையில் எதிலும் அடங்காமல் அவரைத் தொல்லைப்படுத்தியிருக்கும். அதன் நிலம் ஹால். பொழுது, மாலையில் ட்யூப்லைட் போடும் நேரம். இவ்விரண்டும் அச்செடிக்கு ஒவ்வாதவை என நிறுவி, ஒத்தவை எவை எனக் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கம். பயன், இலை பழுக்காதிருத்தல்.

முதலில் செடியின் பூர்வீகம். பசிபிக் கடலில், பிரெஞ்சு பாலினேசியாவைச் சேர்ந்த மோரேயா தீவு. தாவரவியலார் எபிபிரெம்னம் ஆரியம் என்பர். காட்டுத் தரையில் கிளம்பி மரத்தைப் பற்றி ஏறும் கொடி இது. ஏற ஏற வெளிச்சம் கூடும், இலையும் பெருக்கும். உயர ஏறிய கொடியின் இலை முறத்தளவு இருக்கும், ஓரங்களில் கிழிசலும் விழும். குமரி மாவட்டத்துத் தென்னையில் ஏறிய கொடியைக் காட்டி, இதுவும் உங்கள் வீட்டு ஹார்லிக்ஸ் பாட்டிலில் நிற்பதும் ஒன்றே என்றால் சென்னைக்காரர் நம்பமாட்டார். இதனால் பெறப்படுவது யாதெனின், இச்செடி நிழலைப் பொறுத்துக்கொள்ளும், விரும்பாது. பொறுத்துக்கொள்வதை விருப்பம் என்று எடுத்துக்கொள்வது நம் குடும்பங்களில் பழைய பிழை. மருமகள்கள் விஷயத்திலும் நடந்திருக்கிறது.

இனி, டிவி ஸ்டாண்டுக் கொள்கையினர். "இங்கேயே நல்ல வெளிச்சம்தானே இருக்கிறது" என்பது இவர்கள் வாதம். இவர்கள் காட்டும் சான்று தங்கள் கண். கண்ணைப் போன்ற பொய்ச்சாட்சி உலகில் இல்லை. உச்சி வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். ட்யூப்லைட் எரியும் ஹாலில் 100 அல்லது 200 இருந்தால் அதிகம். ஐந்நூறில் ஒரு பங்குக்கு இறங்கி வந்த பிறகும் மனிதன் செருப்பைக் கழற்றிவிட்டு, கொஞ்சம் இருட்டாக இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறான். கண்பாவை விரிகிறது, விழித்திரை சமாளித்துக்கொள்கிறது, அவனுக்குச் சேதி போய்ச் சேருவதில்லை. இலைக்கு இந்தச் சாமர்த்தியம் கிடையாது. விழுந்த ஒளிக்கு மட்டும் சர்க்கரை செய்யும். சுவாசிக்க அதையே செலவழிக்கும். வரவும் செலவும் சரிக்குச் சரியாகும் வெளிச்சத்தில் நிற்கிற செடி சாகாது, வளரவும் வளராது. வீட்டார் இதைக் கண்டு, எவ்வளவு சொன்ன பேச்சு கேட்கிற செடி என்று மெச்சுவர்.

அதற்கும் கீழே போனால் தண்டு நீளும், கணுக்களின் இடைவெளி கூடும், இலை சிறுக்கும். புதிதாக வரும் இலைகளில் மஞ்சள் வரிகள் குறைந்து பச்சை மட்டும் மிஞ்சும். மஞ்சள் பகுதியில் பச்சையம் குறைவு. இருட்டில் கிடக்கும் செடிக்கு அலங்காரம் கட்டுப்படியாகாது.

இவ்விடத்தில் ஒரு வழக்காற்றை ஆராய்தல் தகும். மணி பிளான்ட்டைக் கேட்டு வாங்கினால் தழைக்காது, பக்கத்து வீட்டிலிருந்து தெரியாமல் ஒடித்து வந்தால்தான் தழைக்கும் என்ப. பகுத்தறிவாளர் இதை மூடநம்பிக்கை என ஒதுக்கினர். அவசரப்பட்டுவிட்டனர் என்பது என் துணிபு. கேட்டால் மனிதர் எதைக் கொடுப்பார்? ஷோகேஸுக்குப் பின்னால் வெளிச்சம் காணாமல் நீண்டு தொங்கும் வெறுந்தண்டைக் கொடுப்பார். அது போனால் அவருக்கும் நல்லது. திருடுகிறவர் எதை ஒடிப்பார்? காம்பவுண்டுச் சுவரில் வெளிச்சம் உண்டு கொழுத்த, கணு நெருங்கிய கொடியை. சேமித்த மாவுச்சத்தோடு வருவது வேர் பிடிக்கும். பட்டினியோடு வருவது அழுகும். ஆகவே வழக்காறு வழுவாது. காரணத்தை மட்டும் களவின் மேல் ஏற்றிவிட்டார்கள்.

அடுத்து, எந்த ஜன்னல்? ஆங்கிலத் தோட்டக்கலை நூல்கள் தெற்கு ஜன்னலில் வெயில், வடக்கு ஜன்னலில் மந்தம் என்று ஒரே போடாகப் போடும். லண்டனுக்கு அது சரி. சென்னை இருப்பது வடக்கே 13 பாகையில். ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நடுப்பகலில் நம் உச்சந்தலையைத் தாண்டி வடக்கே போய்விடும். ஆகஸ்ட் நடுவில்தான் திரும்பும். கத்திரி முழுவதும், ஆடியிலும், வடக்கு ஜன்னலில் காலையும் மாலையும் சாய்வாக வெயில் நுழைவது இதனால். தெற்கு ஜன்னல் அப்போது சன்ஷேட்டுக்கடியில் நிம்மதியாக இருக்கும். அதற்கு மார்கழியில் வேலை வரும். கிழக்கு, எந்தப் பருவத்திலும் சாது. மேற்கைப் பற்றி எழுதத் தேவையில்லை. மே மாதம் மூன்று மணிக்கு அங்கே கையை நீட்டிப் பார்த்தவர் அறிவர். இலையில் விழும் பழுப்புத் திட்டு அந்த மூன்று மணியின் கையெழுத்து.

தென்கிழக்கே உகந்தது என்பர் வாஸ்துக்காரர். அதே மூலையை அவர்களே அடுப்புக்கும் கொடுத்துவிட்டபடியால், அவ்வீடுகளில் செடி தாளிப்புப் புகையில் நிற்கும்.

இக்கட்டுரையின் தலையாய முடிபு இனி வருவது. ஒவ்வொரு வீட்டிலும் மணி பிளான்ட்டுக்கு ஏற்ற இடம் ஒன்று உண்டு; அந்த இடத்தில் தாத்தா உட்கார்ந்திருப்பார். பேப்பர் படிக்க அவருக்கு வெளிச்சம் நிறைய வேண்டும், வெயில் முகத்தில் அடிக்கக் கூடாது. செடியின் தேவையும் எழுத்துக்கு எழுத்து அதுவே. அன்றியும், அறுபது வயதுக் கண்ணின் விழித்திரையை எட்டும் ஒளி, இருபது வயதுக் கண்ணில் எட்டுவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான்: பாவை சுருங்கும், வில்லை மஞ்சளாகும். ஆகவே கருவியின் வயது ஏற ஏறத் துல்லியமும் ஏறும். பேரன் வெளிச்சம் போதும் என்று சொல்லும் இடம் செடிக்கு இருட்டு. தாத்தா போதும் என்று சொல்லும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளலாம். புல்முளைகள் ஒளிப்பக்கம் வளைவதை ஆராய்ந்து 1880-ல் டார்வினும் மகன் பிரான்சிஸும் செடிகளின் அசைவு பற்றி நூல் எழுதினார்கள். காலையில் ஜன்னலோரம் தொடங்கி, பேப்பரும் பிரம்பு நாற்காலியுமாக வெளிச்சத்தோடு நகரும் தாத்தாக்களை அவர்கள் எடுத்துக்கொள்ளாதது குறையே.

அற்றேல், தாத்தாவின் தலைக்கு மேல் கூரையில் தொங்கவிடலாமே எனின், ஆகாது. ஜன்னலின் மேல்விளிம்புக்கு மேலே உள்ள இடம் பகலிலும் மங்கல், தண்ணீரும் சொட்டும். தாத்தா இல்லாத வீட்டார் என் செய்வர் எனின், நடுப்பகலில் இலைக்கு ஓர் அடி மேலே கையை விரித்துப் பிடிக்க. நிழல் விரல் விரலாக வெட்டினாற்போல் விழுந்தால் வெயில் மிகுதி. ஸ்கிரீன் துணியை இழுத்துவிடுக. ஓரம் கலங்கி, கை என்று மட்டும் தெரிந்தால் பொருத்தம். நிழலே இல்லையேல் அது டிவி ஸ்டாண்டு.

தாத்தா உள்ள வீட்டில் இடத்தகராறு தீர வழியில்லை. அவர் அத்தை வீட்டுக்குப் போயிருக்கும் நாட்களில் தொட்டியை அந்த நாற்காலியிலேயே வைத்து ஆய்வைத் தொடரலாம். அடியில் தட்டு வைப்பது முக்கியம். பிரம்பில் ஈர வட்டம் விழுந்தால், ஆய்வாளர் யார் என்று ஊரிலிருந்து வந்தவுடன் கேட்பார்.